கர்ணனை ஆற்றில் விடலாமா?

உங்கள் வீட்டுக் கூடத்தில் மீன் தொட்டி இருக்கிறதா, சகோதரி? இருந்தால் ஒரு கறுத்த ஆசாமியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியில் வாயாலேயே ஒட்டிக்கொண்டு, எதிரே நிற்பவர்களுக்குத் தன் வயிற்றைக் காட்டியபடி, அசையாமல் தொங்கிக்கொண்டிருப்பான். கடைக்காரர்கள் அவனைச் 'சக்கர்' என்பார்கள். 'டேங்க் கிளீனர்' என்றும் சொல்வதுண்டு. மற்ற மீன்களை நாம் அழகுக்காக வாங்குகிறோம். இவனை மட்டும் வேலைக்காக வாங்குகிறோம். சந்தையில் துடைப்பம் வாங்குவதைப் போலத்தான்!

நானும் அப்படித்தான் வாங்கினேன். வாங்கி ஒரு பாவத்தைச் செய்தேன். பிறகு இன்னொரு பாவத்தைச் செய்யக் கிளம்பி, வாசற்படியிலேயே தடுக்கப்பட்டேன். இரண்டையும் உங்களிடம் சொல்லிவிட்டால் என் மனப்பாரம் குறையும். உங்களுக்கும் ஏதாவது பிரயோஜனம் இருக்கும்.

எங்கள் ஊர் ஆலங்காயம். வாணியம்பாடியில் பஸ் ஏறினால், ஜவ்வாது மலை எதிரே வளர்ந்துகொண்டே வந்து, கடைசியில் 'இனிமேல் ஏறித்தான் போகவேண்டும்' என்று வழிமறித்து நிற்கும் அல்லவா, அந்த இடம். எங்கள் ஊரைத் தாண்டி மலையேறினால் காவலூர். அங்கேயுள்ள வானாய்வு நிலையத்தில் 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி பொருத்திய பெரிய தொலைநோக்கி ஒன்று 1986 முதல் நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வைணு பாப்பு என்ற விஞ்ஞானியின் பெயரைத் தாங்கியது அது. மலைக்கு மேலே அவ்வளவு பெரிய கண்; மலைக்குக் கீழே, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டும் மூக்கின் எதிரே இருந்ததைப் பார்க்கத் தெரியாத நான்!

மீன் தொட்டி எனக்கு வந்த விதமே வேடிக்கை. சென்னையில் என் பெண் வீடு மாற்றினாள். புதிய வீட்டில் இடம் போதவில்லை. கொளத்தூரிலே ஆசை ஆசையாக வாங்கிய தொட்டி, இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம், 'அம்மா வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டும்' என்று ஆலங்காயம் வந்து சேர்ந்தது. பெண்கள் அம்மா வீட்டில் கொஞ்ச நாளைக்கென்று வைக்கிற சாமான் எதுவாவது திரும்பிப் போனதாக நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

தொட்டியை ஜன்னலோரம் வைத்தேன். வெயில் பட்டுப் பதினைந்தே நாளில் கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி. பக்கத்து டவுனில் ஒரு கடையில் போய்ச் சொன்னேன். "ஒரு சக்கர் போடுங்கம்மா. பாசியைத் தின்னுட்டு அது பாட்டுக்குக் கிடக்கும். தனியா தீனியே வேண்டாம்" என்றார் கடைக்காரர். 30 ரூபாய்க்கு இரண்டங்குல மீன் ஒன்று பிளாஸ்டிக் பையில் வந்தது. சுவரோடு ஒட்டுகிறதே என்று, என் பேரன் டெலிபோனிலேயே அதற்குப் 'பல்லி' என்று பெயர் சூட்டினான்.

பல்லி கெட்டிக்காரன். ஒரே வாரத்தில் கண்ணாடி பளபளவென்று ஆகிவிட்டது. எதிர்வீட்டு அம்மாளை அழைத்துக் காட்டிப் பெருமைப்பட்டேன். தினமும் காலையில் மாலி மீன்களுக்கும் ஏஞ்சல் மீன்களுக்கும் தீனி தூவுவேன். மிதக்கிற தீனியை அவை மேலேயே காலி செய்துவிடும். பல்லி அடியில் ஒரு மூலையில் கிடப்பான். 'அவனுக்கென்ன, பாசி இருக்கிறது' என்று நினைத்துக்கொள்வேன். பாசியைத்தான் அவன் முதல் வாரத்திலேயே தீர்த்துவிட்டானே என்பது என் புத்தியில் உறைக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு நாள் காலை, பல்லி மணலில் மல்லாந்து கிடந்தான். கையில் எடுத்தால் வயிறு உள்ளே ஒட்டிப்போய், கவிழ்த்த ஓடம் போல் குழிந்திருந்தது. பேரனிடம் சொன்னேன். அவன் அழவில்லை, ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "ஆயா, அதுக்கு நீங்க என்ன சாப்பாடு போட்டீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை.

அன்று மத்தியானம் சோற்றில் கை வைத்தபோது, பல வருஷங்களாக நினைக்காத ஒருத்தியின் நினைவு வந்தது. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஓர் அத்தை இருந்தாள். சின்ன வயதிலேயே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள். விடியுமுன் வாசல் தெளிப்பதிலிருந்து ராத்திரி அடுப்பு மெழுகுவது வரை எல்லாம் அவள்தான். எல்லாரும் சாப்பிட்டான பிறகு சமையலறையில் விளக்கைத் தணித்துக்கொண்டு, பானையில் எது மிச்சமோ அதைச் சாப்பிடுவாள். மிச்சம் இல்லாத நாட்களில் என்ன செய்தாள் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. கொடுமைக்காரர்களா நாங்கள்? இல்லை. எல்லாரும் நல்லவர்கள்தான். 'அவளுக்கென்ன, சமையலறையிலேயே இருக்கிறாள்' என்று நினைத்துக்கொண்டோம். அவ்வளவுதான்.

அடுத்த மாதம், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படிக்கும் எதிர்வீட்டுப் பெண் விடுமுறைக்கு வந்திருந்தாள். அவளிடம் என் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். "பெரியம்மா, நீங்கள் மட்டும் இல்லை. இந்த மீன் பெரும்பாலும் பட்டினியில்தான் சாகிறது" என்றாள். அவள் சொல்லிக்கொடுத்த பாடத்தைத்தான் இனி உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில், வந்திருப்பவன் யார் என்று தெரிந்துகொள்ளவேண்டும். வாயால் ஒட்டிக்கொள்கிறவனெல்லாம் ஒருவன் அல்ல. கடையில் 'சக்கர்' என்ற ஒரே பெயரில் குறைந்தது நான்கு ஜாதிகளை விற்கிறார்கள்.

உடம்பில் கவசம் இல்லாமல் வழுவழுவென்று, சில சமயம் பொன் நிறத்தில், வாயோரம் மீசையே இல்லாமல் இருந்தால் அவன் கெளுத்தி இனமே அல்ல. தாய்லாந்துப் பக்கத்து ஆறுகளிலிருந்து வந்தவன். சின்ன வயசில் பாசி தின்பான். பெரியவனானால் பாசியை மறந்து மற்ற மீன்களை விரட்டி அவற்றின் உடம்பில் ஒட்டிக்கொள்வான். சண்டைக்காரன்!

விரல் நீளம் கூட இல்லாமல், பக்கத்தில் ஒரு கறுப்புக் கோட்டுடன் இருந்தால் அவன் ஓட்டோசின்க்ளஸ். இரண்டங்குலத்தைத் தாண்டமாட்டான். பரம சாது. கூட்டமாக இருந்தால்தான் அவனுக்குச் சந்தோஷம்.

தலை அகன்று, வளர்ந்ததும் மூக்கின்மேல் கிளைவிட்ட மீசைகள் முளைத்தால் அவன் ஆன்சிஸ்ட்ரஸ். ஆண் மீனுக்குத்தான் இந்த மீசை அடர்த்தியாக இருக்கும். ஐந்தாறு அங்குலத்தோடு வளர்ச்சி நின்றுவிடும். வீட்டுத் தொட்டிக்கு ஏற்ற மாப்பிள்ளை இவன்தான்.

நான்காவதுதான் நம் கதாநாயகன். உடம்பெல்லாம் எலும்புத் தகடுகள் ஓடு வேய்ந்தது போல அடுக்கியிருக்கும். கையால் தடவினால் அரம் போல் சொரசொரப்பு. இவனிலும் இரண்டு பிரிவு உண்டு. பார்க்கவேண்டிய இடம் முதுகுத் துடுப்பு. துடுப்பை விரித்து நிற்கும்போது, முன்னால் இருக்கும் முரட்டு முள்ளை விட்டுவிட்டுப் பின்னால் உள்ள நரம்புகளை எண்ணுங்கள். ஏழு இருந்தால் ஹைப்போஸ்டோமஸ். பத்தோ அதற்கு மேலோ இருந்தால் டெரிகோப்ளிக்திஸ்; அதாவது பாய்மரத் துடுப்புக் கெளுத்தி. நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பவன் இந்தப் பாய்மரக்காரன்தான். கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிற்றைப் பாருங்கள். புள்ளிகள் தனித்தனியாக இருந்தால் ஒரு ஜாதி. புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து புழு நெளிந்தாற்போல் கோலமிட்டிருந்தால் இன்னொரு ஜாதி. இரண்டும் கலந்த கலப்புப் பிள்ளைகளும் உண்டு. எல்லாருக்கும் பூர்வீகம் தென் அமெரிக்கா.

ஆளைப் பிரித்தறிவது சுலபமில்லை என்று நீங்கள் நினைத்தால் வெட்கப்படவேண்டாம். உலகத்துப் பிராணிகளுக்கெல்லாம் பெயர் வைத்த லின்னேயஸ் மகாசயரே 1758-ல் இந்த இனத்து மீன் ஒன்றுக்குப் பெயர் வைத்தபோது, அதன் கவசத்தைப் பார்த்து, முற்றிலும் வேறான ஸ்டர்ஜன் என்ற மீனின் வரிசையில் உட்காரவைத்துவிட்டார்!

அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பேரன் ஆலங்காயம் வந்தான். தன் உண்டியல் பணத்தில் இன்னொரு சக்கர் வாங்கிக்கொண்டு வந்தான். "ஆயா, இந்த வாட்டி நாம ஒழுங்கா வளர்க்கலாம்" என்றான். 'நாம' என்று சொன்னானே, அதிலேயே என்னை மன்னித்துவிட்டான் என்று தெரிந்தது. டெலிபோனில் படம் பிடித்துப் பெரிதாக்கி இரண்டு பேரும் நரம்பு எண்ணினோம். பன்னிரண்டு. பாய்மரக்காரனேதான். "பிறக்கும்போதே கவசத்தோட பிறந்திருக்கான் ஆயா. பேரு கர்ணன்" என்று தீர்ப்புச் சொன்னான்.

கர்ணனுக்கு என்ன கொடுத்தேன் தெரியுமா? நம் சமையலறையில் இல்லாதது எதுவுமில்லை. வெள்ளரிக்காயை விரல் கனத்துக்கு வில்லையாக நறுக்கி, மூழ்குவதற்காக ஒரு சுத்தமான கூழாங்கல்லோடு நூலால் கட்டி, ராத்திரி விளக்கை அணைத்த பிறகு அடியில் இறக்குவேன். இது இரவில் நடமாடும் பிராணி; பகலில் போட்டால் மற்ற மீன்களுக்குத்தான் விருந்து. பூசணிக்காய், பீர்க்கங்காய், வெந்நீரில் ஒரு கொதி காட்டிய கீரை எல்லாம் பிடிக்கும். உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் கூடாது. அடியில் மூழ்கும் வில்லைத் தீனி கடையில் கிடைக்கிறது. வாரத்தில் சில நாள் அதையும் கொடுக்கவேண்டும். காலையில் மிச்சத்தை எடுத்துவிடவேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் கெட்டுவிடும். நன்றாக ஊறி, பிசின் போன ஒரு மரக்கட்டையையும் உள்ளே போட்டேன். அதன்மேல் படியும் மெல்லிய பாசிப் படலத்தைச் சுரண்டிக்கொண்டே இருப்பான். பகலில் அதன் அடியில் தூங்குவான்.

நல்ல சாப்பாடு கிடைக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வயிற்றைப் பார்த்துத்தான். சட்டைப்பையில் எதையோ வைத்தாற்போல் லேசாக உருண்டிருந்தால் சௌக்கியம். குழிந்திருந்தால் ஆபத்து. பகவான் இந்த ஒரு மீனை மட்டும், பசித்த வயிற்றை நம் கண்ணெதிரே கண்ணாடியில் ஒட்டிக் காட்டும்படி படைத்திருக்கிறார். அதையும் பார்க்காமல் இருந்தேனே நான்!

'துப்புரவுக்காரன்' என்ற பட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மற்ற மீன்களின் கழிவை இவன் தின்பதில்லை. வாஸ்தவத்தில் தொட்டியிலேயே அதிக அசுத்தம் செய்கிறவன் இவன்தான். நூல் நூலாக நாள் முழுவதும்! ஆகவே வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரையாவது மாற்றவேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரானால் வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்திருந்து ஊற்றுவேன். பிடிக்கவேண்டியிருந்தால் வலை போடாதீர்கள். துடுப்பு முட்கள் வலையில் மாட்டிக்கொண்டால் அவனுக்கும் காயம், நமக்கும் காயம். ஒரு டப்பாவை எதிரே காட்டி உள்ளே தள்ளிவிடவேண்டும்.

வேடிக்கை ஒன்று சொல்கிறேன். விளக்கைப் போட்டதும் கர்ணனின் கண்ணைப் பாருங்கள். கருவிழிக்குமேல் ஒரு சிறு மடிப்பு இறங்கி வெளிச்சத்தை மறைத்துக்கொள்ளும். இமையில்லாத மீனுக்கு அதுதான் இமை. இருட்டில் அது சுருங்கி மேலே போய்விடும். "கண்ணடிக்கிறான் ஆயா!" என்று பேரன் குதிப்பான்.

கர்ணன் வளர்ந்தான். நன்றாகச் சாப்பிட்டால் நன்றாக வளரத்தானே வேண்டும்? முதல் வருஷத்திலேயே எட்டங்குலம். இரண்டாவது வருஷம் பாதியில் ஓரடி. தொட்டியின் அகலமே ஓரடி என்று சொன்னேன் அல்லவா? திரும்பவேண்டுமானால் வாலை மடித்துக்கொண்டு, பஸ்ஸிலே மூட்டையோடு ஏறிய மனிதரைப் போல் இடித்துக்கொண்டு திரும்பினான். இவன் ஒன்றரை அடி வரை வளரக்கூடியவன். பத்து வருஷத்துக்கு மேலும் இருப்பவன் என்று எதிர்வீட்டுப் பெண் முன்பே சொல்லியிருந்தாள். 'பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்துவிட்டேன். ஒரு நாள் காலை, ஏஞ்சல் மீனின் பக்கவாட்டில் செதில் உரிந்து வெளுத்திருந்தது. இடம் நெருங்கி, தீனியும் பற்றாமல் போனால், இவன் ராத்திரியில் தட்டையான மீன்களின் உடம்பில் ஒட்டி வழுவழுப்பைச் சுரண்டுவானாம்.

எங்கள் வீட்டுக்காரர் தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் உரிய விலாசத்துக்கு அனுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பது அவர் சித்தாந்தம். "இதோ பாரு, தண்ணியிலே பிறந்ததைத் தண்ணியிலேயே விட்டுடு. ஏரி நிறைஞ்சிருக்கு. அதுவும் பிழைச்சுப் போகும், உனக்கும் புண்ணியம்" என்றார்.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஒரு சிறைக் கைதியை விடுதலை செய்யப் போகிற பெருமிதம் கூட வந்துவிட்டது! சாயங்காலம் ஒரு பெரிய வாளியில் கர்ணனை இறக்கி, மேலே ஈரத்துணி மூடி, வாசற்படி இறங்கினேன். அப்போதுதான் எங்கள் மீன்காரம்மாள் கூடையோடு எதிரே வந்தாள்.

"இன்னாம்மா வாளியிலே?" என்று துணியை விலக்கினாள். விலக்கியவள் முகம் மாறிவிட்டது.

"இதையா ஏரியிலே வுடப் போறே? வாணாம்மா! எங்க அண்ணன் மெட்ராஸ் பக்கம் ஒரு ஏரியிலே வலை போடுது. வலையை இழுத்தா இதுதாம்மா வருது. முள்ளு மாட்டிக்கினு வலை கிழிஞ்சுபூடுது. தோலு ஓடு மாரி கீது, காசு கொடுத்து எவன் வாங்குவான்? கரையிலே தூக்கிப் போட்டா சாயங்காலம் வரைக்கும் உசிரோட கீதும்மா. கெண்டையும் கெளுத்தியும் விரால் குஞ்சும் இருந்த எடம் அது."

வாளியைப் படியில் வைத்துவிட்டேன். அவள் கூடையை நான் பார்த்தேன். வாளியை அவள் பார்த்தாள். அந்தக் கூடையில் இருந்த நாலு கிலோ மீனில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது. நான் புண்ணியம் தேடப் போனது அவள் அடுப்பை அணைத்தா?

அன்று இரவே தூத்துக்குடிக்குப் போன் செய்து எதிர்வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். அவள் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கம் போயிற்று. இந்தப் பாய்மரக்காரன் திருவனந்தபுரத்தில் ஆமையிழஞ்சான் தோட்டில் பெருகிக் கிடப்பதைப் பற்றி 2015-ல் ஆராய்ச்சிக் கட்டுரையே வந்திருக்கிறது. கல்கத்தாவுக்குக் கிழக்கே உள்ள சதுப்பு நீர்நிலைகளிலும் இருக்கிறான். மெக்சிகோவில் இன்ஃபியர்னில்லோ என்ற அணையின் மீன்பிடித் தொழிலையே நொடிக்க வைத்தவன். பிலிப்பைன்ஸ்காரர்கள் இவனுக்கு 'ஜானிடர் மீன்' என்று துப்புரவுக்காரன் பெயரையே வைத்தார்கள். இன்று அவர்கள் ஆறுகளிலிருந்து இவனைத் துப்புரவு செய்யமுடியாமல் தவிக்கிறார்கள். வங்காள தேசத்து அரசாங்கம் 2023-ல் இவனுக்குத் தடையே போட்டுவிட்டது. இத்தனை இடங்களுக்கும் தென் அமெரிக்காவிலிருந்து இவன் நீந்தி வரவில்லை. யாரோ வாங்கி, யாரோ வளர்த்து, எப்படியோ தண்ணீரில் சேர்ந்தவன்தான்.

ஏன் இப்படிப் பெருகுகிறான்? கவசத்தையும் முள்ளையும் கண்டால் பெரிய மீன்களும் பறவைகளும் தொடத் தயங்கும். தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி, வயிற்றின் வழியாகவே சுவாசிப்பான். முட்டைக்கோ காவல் பலம். ஆண் மீன் கரையின் களிமண்ணைக் குடைந்து ஓரடி, இரண்டடி, சமயத்தில் ஒரு கஜ ஆழத்துக்கும் வளை தோண்டி, அதற்குள் முட்டைகளை வைத்துக்கொண்டு குஞ்சு பொரிக்கும் வரை வாசலில் காவல் கிடக்கும். நல்ல தகப்பன்தான்! ஆனால் அந்த வளைகளால் கரை இற்றுச் சரிந்துவிடுகிறது.

கரை என்றதும் எனக்குப் பகீரென்றது. எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு ஏரிக்கரை என்றால் என்ன என்று பட்டணத்துச் சகோதரிகளுக்கு நான் சொல்லவேண்டும். மலையில் பெய்கிற மழை ஓடையாக இறங்கி ஓர் ஏரியில் நிற்கும். நிறைந்தால் கலிங்கல் வழிந்து கால்வாயில் ஓடி அடுத்த ஏரிக்குப் போகும். மாலையிலே பூக்களைப் போல ஏரிகளை ஒன்றோடொன்று கோத்து வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர்கள். ஓர் ஏரியில் விட்டால் ஒரு மழைக்காலத்தில் அடுத்த ஏரிக்குப் போய்விடும். போதாததற்கு, நம் மலை ஓடைகளிலே கர்ரா என்ற கெண்டை இனத்துச் சிறு மீன்கள் பாறையை ஒட்டிக்கொண்டு பாசி மேய்கின்றன. நம் மண்ணிலே பிறந்த, நம் வீட்டு 'சக்கர்' அவைதான். அவை விரல் அளவு. இவன் முழ அளவு. பந்தியில் யாருக்கு இலை கிடைக்கும்?

"ஒரே ஒரு மீன்தானே, தனியாக என்ன செய்துவிடும்?" என்றார் எங்கள் வீட்டுக்காரர். வாஸ்தவம். நான் ஒருத்தி விட்டால் ஒன்றுமில்லை. 'நான் ஒருத்திதானே' என்று ஊரிலே பத்து வீட்டில் நினைத்தால் ஜோடி சேர்ந்துவிடுமே!

பேரனுக்கு விஷயம் தெரிந்து போன் செய்தான். "கர்ணனை ஆத்துல விட்டது குந்திதானே ஆயா? அப்புறம் அவங்களே அழுதாங்கல்ல?" என்றான். கதை சொல்லிக் கொடுத்த பாட்டிக்கே கதை சொல்கிறான்! ஆனால் சரியாகத்தானே சொன்னான்? வளர்க்கமுடியாத பிள்ளையைத் தண்ணீரில் விட்டால் பொறுப்புத் தீர்ந்தது என்று நினைத்தாள் அவள். தீர்ந்ததா? அந்தப் பிள்ளை ஒரு நாள் போர்க்களத்தில் அவள் மற்ற பிள்ளைகளுக்கு எதிரிலேயே வில்லோடு வந்து நின்றது.

முடிவாக என்ன செய்தோம்? எங்கள் வீட்டுக் கொல்லையில், மாடு வைத்திருந்த காலத்துச் சிமெண்டுத் தொட்டி ஒன்று சும்மா கிடந்தது. ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி ஆழம். சுமார் 1,000 லிட்டர் பிடிக்கும். பழைய தொட்டி, சுண்ணாம்புக் காரமெல்லாம் எப்போதோ போய்விட்டது. அதைத் தேய்த்துக் கழுவினோம். சந்தாதாரருக்குக் கடிதம் சேர்க்கிற சிரத்தையோடு எங்கள் வீட்டுக்காரரே காற்றுக் குழாயும் வடிகட்டியும் பொருத்தினார். பூனைக்கும் கொக்குக்கும் பயந்து மேலே கம்பி வலை. மார்கழிப் பனிக்கு, மலையடிவாரக் குளிர் தாக்காமல் பலகையும் சாக்கும். தண்ணீர் வழியும் துவாரத்துக்குச் சல்லடைக் கண்ணாய் ஒரு வலை. அந்தத் துவாரம் தெருச் சாக்கடைக்குப் போகிறது. சாக்கடை ஓடைக்குப் போகிறது. ஓடை எங்கே போகிறதென்று இப்போது உங்களுக்கே தெரியும்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி, மலையே கரைந்து இறங்குவது போல் மழை கொட்டியது. நடு இரவில் திடுக்கிட்டு எழுந்தேன். தொட்டி நிரம்பி வழிந்தால்? வலை கழன்றிருந்தால்? டார்ச் விளக்கும் குடையுமாகக் கொல்லைக்கு ஓடினேன். தண்ணீர் விளிம்பு வரை நின்று, வலை வழியாகச் சளசளவென்று வழிந்துகொண்டிருந்தது. உள்ளே வெளிச்சம் அடித்தேன். மரக்கட்டை தெரிந்தது, கர்ணனைக் காணோம். மழையில் நனைந்தபடி நின்றேன். கரைகளும் கலிங்கலும் மீன்காரம்மாளின் கூடையும் என் கண்முன் வந்து போயின. அப்புறம்தான் கட்டையின் அடியில் ஒரு வால் அசைந்தது. வெளிச்சம் பட்டதும் அந்தக் கண்ணில் மடிப்பு மெல்ல இறங்கிற்று. சாட்சாத் கண்ணடித்தான்! எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

சகோதரிகளே, உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். சிறிய தொட்டியானால் பாசியை நீங்களே ஒரு பஞ்சால் துடைத்துவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை. தொட்டியை ஜன்னல் வெயிலிலிருந்து தள்ளி வைத்தால் பாதிப் பாசி வராது. ஆசையாக இருந்தால் சின்னவனாகவே நிற்கும் மீசைக்காரனை வாங்குங்கள். பாய்மரக்காரன் ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருந்து, வளர்ந்துவிட்டால், கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். பெரிய தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். என்னைப் போல் ஒரு மூடிய தொட்டி கட்டுங்கள். ஏரி, குளம், ஆறு, கோயில் தெப்பம், கிணறு எதிலும் மட்டும் விடாதீர்கள். அது விடுதலை அல்ல.

இன்றைக்கும் ராத்திரி பத்து மணிக்கு, அடுப்பங்கரை வேலை முடிந்ததும், ஒரு தட்டில் வெள்ளரி வில்லைகளோடு கொல்லைக்குப் போகிறேன். "சாப்பிட்டாயாடா?" என்று கேட்டுவிட்டுத்தான் இறக்குகிறேன். எங்கள் வீட்டுக்காரர் கேலி செய்கிறார். செய்யட்டும். ஒரு காலத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் யாரும் கேட்காமல் போன கேள்வி அது. தாமதமாகவாவது கேட்கக் கற்றுக்கொண்டேனே!